பழவேற்காட்டில் பிறந்த கைலி

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து ‘காயின் பெலெகாட்’ கேட்டால், நம்மூர்க் கட்டம் போட்ட கைலியை எடுத்து விரித்துப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் மலாய் ஆண்கள் பலர் இடுப்பில் கட்டுவது அதைத்தான். பெலெகாட் வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்த மீனவ ஊரின் பெயர், கடல் தாண்டி ஒரு தொழுகை உடையின் பெயராக நிலைத்துவிட்டது.

இதைத் தாமலில் இருந்து எழுதுகிறேன். குடியாத்தத்துக் கைலிப் பொதிகள் சென்னைக்குப் போவது எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில்தான். முஸ்லிம் உடை என்று பேச்செடுத்தால் இங்கே பலருக்கும் கண்முன் வருவது அரபு நாட்டு நீள அங்கியும் கறுப்பு புர்காவும். ‘அது வெளிநாட்டு உடை’ என்ற பேச்சும் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொதிகளின் பூர்வீகம் தெரிந்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த தோமே பிரெஸ் என்ற மருந்தாளர், துறைமுகத்தில் எந்த நாட்டுச் சரக்கு எது என்று விரிவாக எழுதிவைத்தார். பழவேற்காட்டு வணிகர்களும் அவர்கள் கொண்டுவந்த துணிகளும் அந்தக் குறிப்பில் இடம்பெற்றிருக்கின்றன. அதாவது ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்து, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதையே தலைமையிடமாக்கினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அங்கேதான் இருந்தார்கள். காரணம் துணிதான்: கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த மலுக்குத் தீவுகளில் வெறும் வெள்ளிக்காசை நீட்டினால் போதாது. மக்கள் துணி கேட்டார்கள். சோழமண்டலத் துணி இல்லாவிட்டால் மலுக்கு வியாபாரம் செத்துப்போகும் என்று டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் 1612இலேயே தன் மேலிடத்துக்கு எழுதினார்.

அப்படி என்ன இருந்தது அந்தத் துணியில்? முதலில் நிறம். கடற்கரை மணலில் வளரும் சாயவேர் கொடுத்த சிவப்பும், அவுரி கொடுத்த நீலமும் துவைக்கத் துவைக்க நிலைத்து நின்றன. துணியாக நெய்த பிறகு சாயம் ஏற்றுவதில்லை, நூலிலேயே ஏற்றினார்கள். பாவிலும் ஊடையிலும் சாயநூலை மாற்றி மாற்றிக் கொடுக்க, கட்டம் தானாக விழுந்தது. அடுத்தது, வாங்குபவரின் மனம். மலாயாவிலும் சாவகத்திலும் சுமத்திராவிலும் இஸ்லாம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மனித உருவமும் விலங்கு உருவமும் இல்லாத துணியை அந்த மக்கள் விரும்பினார்கள். கட்டத்தில் உருவம் வர வழியே இல்லை. பள்ளிவாசலுக்குள் கூச்சமில்லாமல் கட்டிக்கொண்டு போகலாம்.

நெய்தவர்கள் பெரும்பாலும் இந்து நெசவாளர்கள். கப்பலேற்றியவர்களில் தமிழ் முஸ்லிம் மரக்காயர்களும் செட்டிகளும் இருந்தார்கள். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இப்படிக் கடல் கடந்துபோன தமிழ் முஸ்லிம்களின் கைங்கரியம். துணியை இரு முனையும் சேர்த்து மூட்டி, வளையமாக இடுப்பில் ஏற்றும் பழக்கம் தென்கிழக்காசியாவில் நெடுநாளாக உண்டு. துணி இங்கிருந்து போனது, கட்டும் விதம் அங்கே இருந்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்து சபர் போனவர்கள் பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் ஊர் திரும்பியபோது அவர்கள் பெட்டிகளில் மூட்டிய கைலி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரே துணி இரண்டு முறை கடல் தாண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

மார்க்கம் ஆணுக்கு விதித்திருப்பது சிறியது: நாபியிலிருந்து முழங்கால்வரை மறைந்திருக்க வேண்டும், துணி உடலை இறுக்கிக் காட்டக் கூடாது. மற்றதைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தறியும் வெயிலும் முடிவு செய்தன. சவூதியில் வெள்ளை நீள அங்கி. மேற்கு ஆப்பிரிக்காவில் காற்று புகும் அகலமான பூபூ. யேமன் கரையில் இடுப்புத் துணி. அமீரகத்தில் அங்கிக்கு உள்ளேயே வேட்டி போல ஒரு துணி. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் உடுத்தும் இஹ்ராமும் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகள்தான். கீழே ஒன்றைக் கட்டி, மேலே ஒன்றைப் போர்த்துவது. வேட்டியும் துண்டுமாக வளர்ந்த நம்மூர் ஹாஜியாருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

தொழுகையிலும் இப்படித்தான். காயல்பட்டினம், கீழக்கரைக் கரையோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியை (மத்ஹபை) பின்பற்றுகிறார்கள். கேரள மாப்பிள்ளைமார், இலங்கைச் சோனகர், மலேசியர், இந்தோனேசியர் வழியும் அதுவே. உள்நாட்டு ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபி. ஷாஃபிகள் சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவார்கள், ஆமீனைச் சத்தமாகச் சொல்வார்கள். ஹனஃபிகள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஹனஃபி வழியில் மாலை அஸர் தொழுகைக்கு நேரம் சற்றுத் தாமதமாகத் தொடங்கும். கடற்கரை ஷாஃபி வீட்டில் நண்டு குழம்பு கொதிக்கும். ஹனஃபி வீட்டில் நண்டுக்கு அனுமதியில்லை. கைலி பரவிய கரைகளையும் ஷாஃபி வழி பரவிய கரைகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் இரண்டும் பல இடங்களில் ஒன்றாக வருகின்றன. இரண்டையும் சுமந்தவை அதே பருவக்காற்றில் ஓடிய கப்பல்கள்.

பெண்களின் உடையிலும் இதே பன்மை இருந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் வெளியே போகும்போது வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டார்கள். உள்நாட்டில் சேலை முந்தானையே முக்காடு. இந்தோனேசியப் பெண்கள் தொழுகைக்கென்றே ‘முக்கெனா’ என்ற வெள்ளை ஆடையை அணிகிறார்கள். நம்மூரில் கறுப்பு அபாயா பரவலானது வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன பிறகுதான். விரும்பி அணிபவரின் உரிமையில் குறுக்கிட எனக்கு அதிகாரமில்லை. ஆனால் வெள்ளைத் துப்பட்டியும் முந்தானை முக்காடும் குறைந்த மார்க்கம் என்று யாராவது சொன்னால், அதை ஒப்ப மாட்டேன்.

தொப்பியின் கதையும் இங்கே சொல்லத் தக்கது. 1905இல் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பி அணிந்து வாதாடக் கூடாது என்று தடுக்கப்பட்டார். சோனகர்கள் மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டமாகத் திரண்டு எதிர்த்தார்கள். அந்தத் தொப்பி அவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1925இல், துருக்கியே அந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

கைலிக்கு இந்தோனேசியாவில் கிடைக்கும் மரியாதை இங்கே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. 2019 அக்டோபரில் அந்நாட்டின் துணை அதிபராகப் பதவியேற்ற மார்க்க அறிஞர் மஅரூஃப் அமீன், மேலே கோட்டும் கீழே சாரம் என்னும் கைலியுமாக வந்து நின்றார். இங்கே கைலி என்றால் வீட்டுக்குள் கட்டுவது, தெருமுனைக் கடைவரை போய்வருவது. மனமகிழ் மன்றங்களில் வேட்டி தடுக்கப்பட்டபோது 2014இல் தமிழகச் சட்டமன்றம் அதற்காகச் சட்டமே இயற்றியது, நல்ல காரியம். கைலி கட்டியவரை வாசலில் மறிக்கும் இடங்களைப் பற்றி அப்படி ஒரு கோபம் எழக் கண்டதில்லை. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் வேலை முடிந்து வந்து மாற்றிக்கொள்வது அதையே.

பழைய சந்தையும் மாறிவிட்டது. இந்தோனேசியா தனக்கு வேண்டிய சாரத்தைத் தானே நெய்துகொள்கிறது. இங்கே குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைத்தறிக் கைலி நெய்பவர்கள் விசைத்தறியோடும் அச்சடித்த மலிவுத் துணியோடும் மல்லுக்கட்டுகிறார்கள். 1985இல் நடுவண் அரசு இயற்றிய ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணி வகைகளில் லுங்கியும் ஒன்று. கடையில் விலையைப் பார்த்து வாங்குபவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. கைத்தறிக் கைலிக்குச் சில நூறு ரூபாய் கூடத்தான் ஆகும். அடுத்த பெருநாளுக்கோ பொங்கலுக்கோ வாங்கும்போது, எந்த ஊரில் எந்தத் தறியில் நெய்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.