கெலுகோர் சாலையும் பினாங்கின் கம்பியில்லாத் தொழிலும்

பினாங்குத் தீவில் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளைச் செய்யும் தொழில் 1974-இல் மோட்டோரோலாவோடு வேரூன்றியது. 1928-இல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. கார் வானொலியால் பெயர் பெற்று, இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு வாக்கி-டாக்கி செய்து கொடுத்தது. பினாங்கில் அது பாயான் லெப்பாஸைத் தேர்ந்தெடுத்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே போகும் வழியில் இருப்பது கெலுகோர்.

அந்த நிறுவனம் வந்த சூழலை அறிய 1969-க்குப் போக வேண்டும். அவ்வாண்டு ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊரில் வேலையின்மை பெருகியது. அதே ஆண்டில் மாநில முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வணிகத்தை விட்டுத் தொழிற்சாலைகளின் பக்கம் திரும்பினார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972-இல் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட்-பேக்கார்ட் ஆகியவை முதலில் வந்தன. மோட்டோரோலா அவற்றைத் தொடர்ந்து வந்தது.

கெலுகோருக்குத் தொழிற்சாலைகளுக்கு முந்தைய வரலாறும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டம் இங்கே இருந்தது. பின்னர் மிண்டன் பகுதி பிரிட்டிஷ் ராணுவ முகாமானது. 1969-இல் புக்கிட் கெலுகோர் ஆசிரியர் கல்லூரி வளாகத்தில் இரவல் இடத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம், 1971-இல் அந்த முகாமுக்குக் குடிபெயர்ந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று இன்று அறியப்படுவது அதுவே. தொழிற்சாலை வட்டாரமும் பல்கலைக்கழகமும் சில கிலோமீட்டர் இடைவெளியில், ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தது பினாங்குக்குக் கிடைத்த நற்பேறு.

தொழிற்சாலைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்களும், நகரத்திலிருந்து சீனப் பெண்களும், தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். பெருநிலத்துச் செபராங் பிறையில் வசித்தவர்கள் ஃபெரியில் கடல் கடந்தே தீவுக்கு வர வேண்டியிருந்தது. 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அதன் தீவுப்பக்க முனை கெலுகோரில் இறங்குகிறது. அதன்பின் ஷிப்டு மாறும் நேரத்தில் பெருநிலத்துத் தொழிற்சாலைப் பேருந்துகளும் இந்த ஊர்ப் பக்கம் வந்து இறங்கின.

அவர்கள் கற்ற வேலை எளிதானதன்று. அக்கால இருவழி வானொலி ஒன்றை அலைவரிசைக்குச் சரிசெய்வதைப் பார்த்தால் போதும். வெளி அலைகள் நுழையாதபடி உலோகத் தடுப்பிட்ட அறைக்குள் கருவியை வைப்பார்கள். சுருளின் நடுவிலுள்ள ஃபெரைட் திருகை மயிரிழை அளவுக்குத் திருப்பியபடி, அளவுமானியின் முள்ளைக் கவனிப்பார்கள். திருகுவதற்குப் பிளாஸ்டிக் கருவிதான்; இரும்புத் திருப்புளி அருகில் வந்தாலே சுருளின் தன்மை மாறிவிடும். அதை எடுத்ததும் அளவு பிசகும். கண்ணும் விரலும் ஒன்றாக இயங்கினால்தான் கருவி தேறும். இதைத் திறனற்ற வேலை என்று அந்நாளைய அறிக்கைகள் வகைப்படுத்தியது அநீதி. அந்தப் பெண்களுக்குப் பேரம்பேசும் பலமும் மறுக்கப்பட்டது. மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் அமைக்க அரசு இடம் தரவில்லை. 1988-இல் அந்தத் தடை தளர்ந்தபோதும் நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கங்களுக்கே அனுமதி கிடைத்தது.

காலப்போக்கில் கருவிகளைப் பொருத்தும் இடமாக இருந்தது வடிவமைக்கும் இடமாகவும் வளர்ந்தது. உள்ளூர்ப் பொறியாளர்கள் வானலைச் சுற்றுகளை வரையத் தொடங்கினார்கள். 1989-இல் மாநில அரசும் மோட்டோரோலா, இன்டெல் போன்ற நிறுவனங்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை உருவாக்கின. வணிகத்தில் போட்டியாளர்களானவர்கள் பயிற்சிக்கு ஒரே கூரையின்கீழ் வந்தது மெச்சத்தக்கது.

பின்னர் வானொலியே மாறிவிட்டது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி 2005-இல் வெளியிட்ட டிஎம்ஆர் என்னும் இலக்கமுறை வானொலித் தரம், 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை 30 மில்லிவினாடிக் கூறுகளாக்கி, இரண்டு உரையாடல்களுக்கு மாறி மாறிப் பகிர்ந்தளித்தது. குரலோடு குறுஞ்செய்தியும் இருப்பிடத் தகவலும் அதே கருவியில் செல்லலாயின. உலகெங்கும் காவலரும் தீயணைப்போரும் கையில் வைத்திருக்கும் பல கருவிகளில் மலேசியத் தயாரிப்பு என்ற முத்திரை இருக்கிறது.

2011-இல் மோட்டோரோலா இரண்டாகப் பிரிந்தது. கைப்பேசிப் பிரிவு தனியே சென்றது. இருவழி வானொலி மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் வசம் தங்கியது. கம்பியில்லா இணைய இணைப்புக் கருவிகளைச் செய்த பிரிவும் அதே ஆண்டில் விலகி, கேம்பியம் நெட்வொர்க்ஸ் ஆனது. இத்தனை மாற்றத்துக்குப் பின்னும் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் பினாங்கை விட்டுப் போகவில்லை.

1974-இல் பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இன்று எழுபதைத் தொட்டவர்கள். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் அவர்கள் பெயர்கள் வருவதில்லை. இத்தொழிலின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர்கள் முதலில் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.