ஸ்டென்ட் எங்கே இருக்கிறது? பெருநாடிச் சிகிச்சையின் பிற்சிக்கல்களும் ஊவாத் தோட்டங்களும்

ஊவாவின் லயமொன்றில் ஒருவர் "எனக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு" என்றால் கேட்பவர் இதயத்தைத்தான் நினைப்பார். வயிற்றுப் பெருநாடியின் வீக்கத்துக்குள், துணி போர்த்திய உலோகக் குழாயைத் தொடை நாடி வழியே செலுத்திப் பொருத்துவதற்கும் இதே சொல்தான். இச்சிகிச்சையின் அரிதான, உயிர்பறிக்கும் பிற்சிக்கல்கள் பதுளை மாவட்டத்தில் கைநழுவுவதற்கு ஸ்கேன் வசதிக் குறைவுக்கு முன்பே இந்தச் சொற்குழப்பம் வழி திறந்துவிடுகிறது என்பதே என் வாதம்.

1990இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி செய்துகாட்டிய பின் இம்முறை உலகெங்கும் பரவியது. வயிற்றைக் கீறத் தேவையில்லை. சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் 1999 முதல் 2004 வரை பிரித்தானியாவில் 1,252 பேரைச் சேர்த்த ஆய்வின் நீண்டகால முடிவு 2016இல் வந்தபோது, தொடக்கத்தில் கிடைத்த நன்மை நிலைக்கவில்லை என்று தெரிந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் மரணம் குறைவாயிருந்தது திறந்த சத்திரசிகிச்சை பெற்றோரிடையேதான். குழாயைச் சுற்றிக் குருதி கசிந்து பழைய வீக்கம் வெடித்ததும் அதற்கு ஒரு காரணம். எனவே இந்நோயாளிக்கு கிளினிக் ஆயுள் முழுவதும் உண்டு.

பிற்சிக்கல்களுள் மிகவும் ஏமாற்றுவது பெருநாடிக்கும் குடலுக்கும் இடையே விழும் துளை. முதலில் மலம் தார்போலக் கறுக்கும். குருதி உறைந்து துளையை அடைக்க, கசிவு தானே நிற்கும். தோட்ட டிஸ்பென்சரியில் இதற்கு விளக்கம் தயாராக இருக்கிறது: அயன் மாத்திரை, அஸ்பிரின், கேஸ்ட்ரைட்டிஸ். பதுளைக்கு அனுப்பினாலும் எண்டொஸ்கொப்பியில் இரைப்பைப் புண் ஒன்று தென்பட்டால் தேடல் அங்கேயே முடியலாம். வழமையான எண்டொஸ்கொப்பிக் குழாய் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். துளை பெரும்பாலும் அதைத் தாண்டி, மூன்றாம் நான்காம் பகுதிகளில். அடுத்த குருதிப்பெருக்கு சில மணியிலோ சில நாளிலோ வரும். கொழும்புக்கான சுமார் 230 கிலோமீற்றர் மலைப்பாதைக்குக் கிடைப்பது அந்த இடைவேளை மட்டுமே. ஆகவே பெருநாடியில் குழாய் உள்ளவருக்கு, நிலை அனுமதித்தால், குருதிக்குழாய் சிடி ஸ்கேன் உடனே வேண்டும். எண்டொஸ்கொப்பி 'நோர்மல்' என்பது ஆறுதல் தரக்கூடாது.

மற்றவையும் இப்படியே மாறுவேடமிடுகின்றன. குழாயில் தொற்றினால் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் விட்டுவிட்டுக் காய்ச்சல், முதுகுவலி, மெலிவு வரும். கொழுந்துக் கூடை சுமந்த முதுகின் வலியை யார் சந்தேகிப்பார்? குழாயின் ஒரு கிளை அடைத்துக் கால் சில்லிட்டால் பண்டாரவளைக் குளிர் பழியேற்கும். நெஞ்சுப் பெருநாடியில் குழாய் வைத்தவருக்கு நாள்கள் கடந்தும் முண்ணாணுக்குக் குருதி குன்றி இரு கால்களும் பலமிழக்கலாம். அப்போது குருதியமுக்கத்தை உயர்த்த வேண்டும். குடலுக்குள் குருதி பெருகும்போதோ அமுக்கத்தை அளவுமீறி உயர்த்துவது ஆபத்து. குழாய் எங்கே என்று தெரியாதவர் எதைச் செய்வார்?

இத்தகையோர் தோட்டங்களில் எத்தனை பேர் என்று கேட்கலாம். மிகச் சிலரே. அதனால்தான் அனுபவம் இங்கே கற்றுத்தராது, எழுத்துத்தான் தரவேண்டும். முதுகுவலிக்காரர் எல்லோரையும் கொழும்புக்கு ஏற்றச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய டயக்னோசிஸ் கார்டைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் வீட்டுக்கு, சத்திரசிகிச்சை நிபுணர்கள் தமிழில் இரண்டு வரி கூட்டி எழுதட்டும்: "வயிற்றுப் பெருநாடியில் குழாய் உள்ளது, இதயத்தில் அல்ல. மலம் கறுத்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், கால் சில்லிட்டால் அன்றே 1990 அம்புலன்ஸை அழைத்து இந்த அட்டையைக் காட்டவும்."