பழைய போர்த் துப்பாக்கிகள்: வில்லியனூர், பாகூர் வட்டாரம்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் வரலாறு பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களின் வரலாறுதான்.

1748-இல் பொஸ்காவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தாக்க வந்தபோது, அரியாங்குப்பத்தில் நடந்த மோதலில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சியரிடம் சிறைப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே லாரன்ஸ் பாகூரில் பிரெஞ்சுப் படையை முறியடித்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் உறவினரான கெர்ழானைச் சிறைபிடித்தார். இப்போரின் நாளைச் சில நூல்கள் 1752 ஆகஸ்ட் 26 என்றும், சில செப்டம்பர் 6 என்றும் தருகின்றன. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதே இதற்குக் காரணம். படைகளின் தொகையும் நூலுக்கு நூல் மாறுகிறது. இரு தரப்பும் துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிகளோடு நேருக்கு நேர் மோதிய அரிய போர்களில் ஒன்றாகப் பாகூர் குறிப்பிடப்படுகிறது. 1760-இல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் கைக்குப் போனது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது.

அக்காலப் படைவீரர் ஏந்தியவை சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். எந்தத் தரப்புடையது என்பதை அடையாளம் காண, சேகரிப்பாளர்கள் முதலில் குழலும் கட்டையும் சேரும் இடத்தைப் பார்க்கிறார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கியில் இரும்புப் பட்டைகள் குழலைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும். ஆங்கிலேயத் துப்பாக்கியில் கட்டையின் குறுக்கே செருகிய சிறு ஊசிகள் அந்த வேலையைச் செய்யும். பிரெஞ்சுக் குழலின் உள்விட்டம் சுமார் 17.5 மி.மீ., ஆங்கிலேயருடையது சுமார் 19 மி.மீ. ஆங்கிலேயக் கம்பெனியின் துப்பாக்கி என்றால் விசைத்தகட்டில் இதய வடிவ முத்திரை இருக்கும். பிற்காலத்தில் அந்த இடத்தைச் சிங்கம் பிடித்தது. துருப்பிடித்த தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் இந்த முத்திரையைத்தான் முதலில் அழித்துவிடுகிறார்கள். மெல்லிய எண்ணெய் தடவிய துணியே போதும்.

1816-இல் புதுச்சேரியைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சியரால் உடன்படிக்கைப்படி கோட்டை கட்டவோ, காவலுக்கு வேண்டியதைவிடப் பெரிய படை வைக்கவோ முடியவில்லை. 1878-இன் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பிரிட்டிஷ் நிலத்துக்கு நடுவே தீவுகளாகக் கிடந்த இந்தக் கொம்யூன்களில் பிரெஞ்சுச் சட்டமே நடந்தது. 1911-இல் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியதாகக் கூறப்படுவதும் இந்தச் சூழலில்தான். பயிற்சி நடந்த இடம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ராணுவம் கழித்த துப்பாக்கிகள் தபாலிலேயே விற்பனையாயின. 1968-இன் சட்டம் அதை நிறுத்தியது. இந்தியாவில் அத்தகைய சந்தை உருவாகவில்லை. ராணுவத்தின் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய .303 அளவு தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது; உரிமம் பெற்றவர்களுக்கு அரசுத் தொழிற்சாலைகளின் .315 துப்பாக்கியே கிடைத்தது. 1959-இன் ஆயுதச் சட்டம், 45-ஆம் பிரிவில், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கிறது. பரண்மேல் கிடக்கும் தாத்தாவின் துப்பாக்கி அந்த விலக்குக்குள் வருமா என்பதே பல குடும்பங்களின் சிக்கல். 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

நூறாண்டு கடந்தவை 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்கும் உட்பட்டவை. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அக்காலத் துப்பாக்கிகளை நேரில் காண விரும்புவோர் 1948-இல் திறக்கப்பட்ட சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும், தஞ்சை அரண்மனை ஆயுதங்களை வைத்திருக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம்.