கே9 வஜ்ரா: சுட்டுவிட்டு ஓடும் பீரங்கி

பீரங்கி என்றவுடன் நினைவுக்கு வருவது லாரியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லப்படும் நீண்ட குழல்தான். 1999 கார்கில் போரில் புகழ்பெற்ற போஃபர்ஸ் அப்படிப்பட்டதுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்து, லாரியிலிருந்து கழற்றி, கால்களை விரித்து ஊன்றி, அதன் பிறகுதான் சுட முடியும். கிளம்பும்போது இதையெல்லாம் திரும்பவும் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பறந்து வரும் குண்டின் பாதையை எதிரியின் ரேடார் கவனித்து, அது எங்கிருந்து புறப்பட்டது என்று கணக்கிட்டுவிடும். சில நிமிடங்களில் பதில் குண்டு அதே இடத்தில் வந்து விழும். அப்போது வீரர்கள் இன்னும் பீரங்கியைக் கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இதற்கு விடையாகத்தான் டாங்கியைப் போன்ற வண்டியின் மேலேயே பீரங்கியைப் பொருத்தினார்கள். சுட்டவுடன் இடத்தைக் காலி செய்துவிடலாம். உள்ளே இருப்பவர்களைக் குண்டுச் சிதறல்களிலிருந்து இரும்புக் கவசம் காப்பாற்றும்.

இந்தியாவின் தேடல்

இந்தியாவிடம் இந்த வகை முன்பே இருந்தது. பிரிட்டனிலிருந்து வாங்கிய 105 மி.மீ. அபாட் ஒன்று. மற்றொன்று கேட்டபல்ட். சென்னையை அடுத்த ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் அடிப்பாகத்தை நீட்டி, அதன் மேல் ரஷ்ய 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிச் செய்தது இது. ஆனால் உலகப் படைகள் 155 மி.மீ. அளவுக்கு மாறிக்கொண்டிருந்தன.

1986-ல் போடப்பட்ட போஃபர்ஸ் ஒப்பந்தம் ஊழல் குற்றச்சாட்டில் சிக்கியது. அதன் பின் புதிய பீரங்கி வாங்குவது என்றாலே அரசுகள் தயங்கின. அர்ஜுன் டாங்கியின் மேல் தென் ஆப்பிரிக்காவின் 155 மி.மீ. பீரங்கியைப் பொருத்தும் 'பீம்' திட்டமும் பாதியில் நின்றது. அந்தப் பீரங்கியைத் தயாரித்த டெனெல் நிறுவனத்தின் மீது லஞ்சக் குற்றச்சாட்டு எழ, 2005-ல் அதனுடனான தொடர்பை இந்தியா நிறுத்திவிட்டது.

கொரியாவிலிருந்து வந்த இடி

தென் கொரியா 1989-ல் தொடங்கி பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கியது கே9 தண்டர். 1999-ல் படையில் சேர்ந்தது. அதன் முக்கிய விவரங்கள்:

- எடை: சுமார் 47 டன்
- குழுவினர்: 5 பேர்
- எஞ்சின்: 1000 குதிரைத்திறன்
- வேகம்: மணிக்கு 67 கி.மீ.
- குண்டுகள்: 48
- தாக்கும் தூரம்: சிறப்புக் குண்டுகளுடன் சுமார் 40 கி.மீ.

குழலின் நீளம் 52 காலிபர். அதாவது 155 மி.மீ. போல 52 மடங்கு, சுமார் 8 மீட்டர்! குழல் நீளமாக இருந்தால் வெடிமருந்தின் அழுத்தம் குண்டை அதிக நேரம் தள்ளும். குண்டின் வேகம் கூடும், தூரமும் கூடும். அவசரத்தில் 15 விநாடிகளில் 3 குண்டுகளைச் சுடலாம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நின்று, குறிவைத்து, முதல் குண்டைச் சுட ஒரு நிமிடம் போதும்.

காகிதத்தில் இருக்கும் திறமை போர்க்களத்தில் அப்படியே கிடைப்பதில்லை. 2010 நவம்பர் 23 அன்று யோன்பியோங் தீவின் மீது வட கொரியா குண்டு மழை பொழிந்தது. 2 வீரர்களும் 2 பொதுமக்களும் இறந்தனர். தீவில் 6 கே9 பீரங்கிகள் இருந்தும், முதலில் பதிலடி கொடுக்க முடிந்தது 3-ஆல் மட்டுமே. ஒன்றில் அன்றைய பயிற்சியின்போதே குண்டு சிக்கியிருந்தது. வேறு இரண்டு எதிரியின் குண்டுவீச்சில் பழுதாயின.

வஜ்ராவாக மாறியது

ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த சோதனைகளில் ரஷ்யப் பீரங்கியை முந்தி கே9 தேர்வானது. 2017-ல் 100 வண்டிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் அவற்றைத் தயாரித்தது. 2018 நவம்பரில் தேவ்லாலியில், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் முன்னிலையில் வஜ்ரா படையில் சேர்ந்தது. நூறாவது வண்டி 2021 பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டது.

பாலைவனத்துக்காக வாங்கிய வண்டிக்குப் பனிமலையில் வேலை வந்தது! 2020 கல்வான் மோதலுக்குப் பின், 2021-ல் வஜ்ராக்கள் லடாக்கிற்கு அனுப்பப்பட்டன. காற்று மெலிந்த அந்த உயரத்தில் எஞ்சினின் சக்தி குறையும், கடுங்குளிரில் எண்ணெய் உறையும். அங்கும் அவை தாக்குப்பிடித்ததால், 2024 டிசம்பரில் மேலும் 100 வண்டிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

போஃபர்ஸ் ஒப்பந்தத்துக்கும் வஜ்ராவின் வருகைக்கும் இடையே 32 ஆண்டுகள். அதுவரை வீரர்கள் பழைய பீரங்கிகளோடுதான் எல்லையில் நின்றார்கள். லஞ்சம் களவாடுவது பணத்தை மட்டுமல்ல, காலத்தையும்தான். அந்தக் காலத்துக்கான விலையைக் கொடுப்பது எல்லையில் நிற்பவர்கள்.