துவக்கு

சென்னைக்காரரிடம் ‘துவக்கு’ என்றால் ஏதோ தொடக்க விழா என்று நினைப்பார். இலங்கையின் காரைதீவில் அது சுடும் பொருள். ஊதுகுழலைக் குறித்த பழைய துருக்கிச் சொல்லில் பிறந்து, பாரசீகத்தில் ‘துபங்’ ஆகி, இந்தியாவில் துப்பாக்கியானது. மலையாளத்துத் ‘தோக்கு’, சிங்களத்துத் ‘துவக்குவ’ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம் வாயில் பகரம் வகரமாய் மெலிந்தது.

மருந்தை வாய்வழி போட்டு இடித்து இறுக்கினால் ‘இடியன் துவக்கு’. பன்றி வரும் தடத்தில் கம்பி இழுத்துக் கட்டி வைத்தால் ‘கட்டுத்துவக்கு’. பன்றிக்கு வைத்ததில் விறகுக்குப் போனவரின் கால் போன கதைகளும் உண்டு. சுடுவதற்கு வினை, ‘வெடி வைத்தல்’.

சட்டம் இச்சொல்லைத் தொடுவதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு அது ‘சுடுகலன்’. தாளில் ‘அனுமதிப்பத்திரம்’, வாயில் ‘லைசென்ஸ்’. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வயல்காரனின் சொட்கன்னுக்கு மாவட்டச் செயலகம். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு. தற்பாதுகாப்புக்கெனக் கொடுத்தவற்றை மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்குள் ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டபோது, பத்திரிகைகள் ‘துப்பாக்கி’ என்றே எழுதின. வேடிக்கைதான்: கைக்கு அடக்கமான பிஸ்டலை இங்கே யாரும் துவக்கு என்பதில்லை. தோளில் சாத்தி, வரம்பில் நடந்து, வாடியின் கூரையில் செருகி வைப்பதற்கே அந்தப் பெயர்.