செஞ்சி வட்டாரத் தெருக்கூத்தும் சுற்றுச்சூழலும்

தெருக்கூத்து தமிழகத்தின் வட மாவட்டங்களில் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் இசை நாடகக் கலை. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி இக்கலை வேரூன்றிய நிலங்களில் ஒன்று. அரங்கக் கட்டடம், காட்சித் திரைச்சீலைகள், மரச் சட்டகங்கள் எதுவும் இல்லாமல் மகாபாரதம் முழுவதையும் நடித்துக் காட்டும் முறை இங்கு தலைமுறைகளாக இருந்து வருகிறது. நாடகத் தயாரிப்பால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேடு பற்றி உலகெங்கும் பேசப்படும் இன்றைய சூழலில், கூத்து எப்பொருட்களால் ஆனது, அவை எங்கிருந்து வந்தன, ஆட்டம் முடிந்தபின் எங்கே போயின என்ற கேள்விகள் புதிய பொருள் பெறுகின்றன.

வட்டாரமும் வழிபாடும்

செஞ்சிப் பகுதி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையமாகக் கருதப்படுகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் ஆதிக் கோயிலாகச் சொல்லும் மரபு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருள்படும் துணைத்தலைப்பை இட்டார்.

திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும். விழா பல நாட்கள் நீடித்து, படுகளம், தீமிதி ஆகிய சடங்குகளுடன் நிறைவடையும். அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் பெரும்பாலான விழாக்கள் அமைகின்றன. கூத்து நிகழும் வெளியும் அதைப் பார்க்க வருவோரின் ஓய்வும் வேளாண்மையின் சுழற்சியிலிருந்தே கிடைத்தன.

களம்

கூத்து நிகழும் இடம் களரி எனப்படும். கோயில் முன்னுள்ள திறந்தவெளி, ஊர்ப் பொது மைதானம், அறுவடையான நிலம் ஆகியவை களரியாக அமையும். பின்னால் ஒப்பனைக்காக ஓலைக் கொட்டகை ஒன்று போடப்படும். இசைக்கலைஞர்கள் களத்தின் பின்பகுதியில் அமர்வர். பார்வையாளர்கள் மண்தரையில் பாய் விரித்து உட்காருவர்.

முக்கிய வேடங்கள் நுழையும்போது இருவர் கையில் பிடிக்கும் துணித்திரை ஒன்றே காட்சியமைப்பு. அரண்மனை, காடு, போர்க்களம் ஆகியவை பாட்டாலும் வசனத்தாலும் அடவாலும் உருவாகின்றன. ஒரு பெஞ்சு அரியணையாகவும் தேராகவும் மாறும். விடிந்ததும் ஊரார் அதைத் தூக்கிச் சென்று பழைய இடத்தில் போடுவர்.

கட்டை அணிகள்

அரசர், வீரர் வேடங்களுக்கான அணிகலன்கள் கட்டை எனப்படும். கிரீடம், தோளில் பூட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை இதில் அடங்கும். கட்டைக்கூத்து என்ற பெயருக்கு இவ்வணிகளே காரணம். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் இவற்றைச் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாக் காகிதமும் ஒட்டுவர்.

கல்யாண முருங்கை வேலியோரங்களிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வளர்வது. போத்தை வெட்டி நட்டால் தழைக்கும். வீடு கட்டவோ கதவு செய்யவோ உதவாத மென்மரம் இது. இரவெல்லாம் சுழன்று ஆடும் நடிகருக்கு இந்த மென்மையும் எடைக்குறைவும் தேவை.

ஒரு குழுவின் அணிகள் முழுவதும் பெட்டிகளில் அடங்கிவிடும். இன்று துரியோதனன் தலையிலிருக்கும் கிரீடம் நாளை கர்ணனுக்கும் அடுத்த வாரம் இரணியனுக்கும் பயன்படும். கண்ணாடி உதிர்ந்தால் மீண்டும் ஒட்டப்படும். வண்ணம் மங்கினால் மீண்டும் பூசப்படும். புது நாடகத்திற்குப் புது அணி என்ற வழக்கம் இல்லை.

படுகளமும் தபசு மரமும்

பதினெட்டாம் போர் நாளன்று ஊர்ப் பொதுவெளியில் மண்ணைக் குவித்துத் துரியோதனனின் பேருருவம் படுத்த நிலையில் செய்யப்படும். வேடமிட்ட நடிகர்கள் அதன் மேல் ஏறி நின்று வீமன், துரியோதனன் போரை நடிப்பர். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிக்கும் சடங்கு நிகழும். சடங்கு முடிந்தபின் உருவத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எஞ்சியது மழையில் கரைந்து தரையோடு சேரும்.

விழாவின் எல்லாப் பொருட்களும் இவ்வாறு இழப்பின்றி மீள்வதில்லை. அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனை நடப்படுகிறது. நடிகர் படிப்படியாக அதில் ஏறி உச்சியில் நின்று பாடுவார். குழந்தை வேண்டுவோருக்குக் கீழே எலுமிச்சையும் பூவும் வீசுவார். இதற்காக முதிர்ந்த பனை ஒன்று வெட்டப்பட வேண்டும். பனைகள் நிறைந்திருந்த காலத்தில் இது பொருட்டாக இல்லை. தமிழகத்தில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-ல் அரசு அறிவித்தபின், ஒருமுறை நட்ட மரத்தைப் பாதுகாத்து மீண்டும் பயன்படுத்துவதன் தேவை கூடியுள்ளது.

அரிதாரம்

கூத்து ஒப்பனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கருப்பு நிறப் பொடிகள் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசப்பட்டன. இவற்றுள் மஞ்சள் நிறம் தந்த அரிதாரம் நிலத்தில் கிடைக்கும் கனிமம். அதன் பெயரே பின்னர் ஒப்பனை முழுவதையும் குறிக்கும் சொல்லாயிற்று.

அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப்பொருள். இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணத்திற்கு இது நேர்மாறான சான்று. பழைய முறை சுற்றுச்சூழலுக்கு இணக்கமானது என்று மதிப்பிடும்போது, அப்பொருளைத் தன் தோலில் பூசியவரின் உடல்நலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியுள்ளது.

ஒளியும் ஒலியும்

மின்சாரத்திற்கு முன் தீவட்டிகளே களத்திற்கு ஒளி தந்தன. ஆமணக்கு, இலுப்பை போன்ற உள்ளூர் எண்ணெய்கள் அவற்றுக்கு எரிபொருள். அசையும் சுடரை அணிகளின் கண்ணாடித் துண்டுகள் பல திசைகளில் சிதறடித்தன. அடர்ந்த முகவண்ணம் தொலைவில் இருப்போருக்கும் வேடத்தை அடையாளம் காட்டியது. குறைந்த ஒளியில் தெரியும்படி உருவானவை கூத்தின் உடையும் ஒப்பனையும்.

லண்டனின் சவாய் அரங்கு 1881-ல் மின்விளக்கு பெற்றது. செஞ்சிப் பகுதிக் களரிகளுக்கு 20-ஆம் நூற்றாண்டில் மண்ணெண்ணெயில் எரியும் பெட்ரோமாக்ஸ் விளக்கும், அதன்பின் குழல்விளக்கும் வந்தன. ஜெனரேட்டர் வந்ததும் டீசல் புகையும் இரைச்சலும் களரியோரம் இடம்பிடித்தன.

ஒலியிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. உச்சத் தொனியில் பாடும் குரலும் முகவீணையின் கூர்மையான நாதமும் திறந்தவெளிக்காக உருவானவை. ஒலிபெருக்கி வந்தபின் நடிகர்கள் தொங்கும் மைக்கின் அருகே நிற்கத் தொடங்கினர். களத்தைச் சுற்றிவரும் அசைவு சுருங்கியது. ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள் 2000-ல் வந்தபோது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை ஏற்பட்டது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே விலக்கு அளிக்கலாம். கூத்தோ நள்ளிரவுக்குப் பின் உச்சம் அடைந்து விடியலில் முடிவது. குரலை மட்டுமே நம்பியிருந்தவரை கூத்துக்கு எழாத சிக்கல் ஒலிபெருக்கியோடு வந்து சேர்ந்தது.

கம்பெனி நாடகங்களும் பசுமை நெறிகளும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் தமிழ்நாட்டில் கம்பெனி நாடகங்கள் வளர்ந்தன. ஓவியத் திரைகள், பக்கத் தட்டிகள், தந்திரக் காட்சிகள் அவற்றின் ஈர்ப்பு. நவாப் ராஜமாணிக்கம், பின்னர் ஆர்.எஸ். மனோகர் ஆகியோரின் நாடகங்கள் பிரம்மாண்டமான காட்சியமைப்புக்காகவே புகழ்பெற்றன. அங்கு ஒவ்வொரு காட்சிக்கும் தனிப் பொருள் தேவைப்பட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுசெல்ல வாகனமும் ஆட்களும் வேண்டியிருந்தது. கூத்துக்கு அணிப்பெட்டிகளும் இசைக்கருவிகளும் போதும்.

பெருஞ்செலவுக் காட்சியமைப்பு வளர்ந்த நாடுகளில் இன்று மறுபரிசீலனைக்கு உள்ளாகியுள்ளது. கலைத்துறையின் சூழல் பொறுப்புக்காக 2007-ல் லண்டனில் ஜூலிஸ் பைசிக்கிள் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடகத் துறையினர் 2021-ல் வெளியிட்ட தியேட்டர் கிரீன் புக், ஒரு தயாரிப்பின் பொருட்களில் 50 விழுக்காடு முன்பே பயன்பட்டதாகவும், 65 விழுக்காடு பின்னர் மீண்டும் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும் என அடிப்படை இலக்கு வகுத்தது. கூத்துக் குழுக்கள் இலக்கு எதுவும் வகுக்காமலே இவ்வழியில் இயங்கி வந்துள்ளன.

சிக்கனத்தின் மறுபக்கம்

கூத்தின் சிக்கனம் கொள்கையாக மட்டும் உருவானதல்ல. அதன் பின்னால் வறுமையும் இருந்தது. புது அணி வாங்க இயலாததால் பழையது ஒட்டப்பட்டது. கலைஞர்களில் பலர் விழாக்கள் இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குச் சென்றனர். கூத்தாடி என்ற சொல் வசையாகப் புழங்கியது. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றதால் பெண்களுக்கு இக்கலையில் இடம் இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சிகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கின. ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகத்தைக் கூத்தோடு இணைத்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் அதன் நடிகர்களுக்குக் கூத்தைக் கற்பித்தார். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலின் முயற்சியில் 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை சிறுவர், சிறுமியர் இருபாலருக்கும் பள்ளிக் கல்வியோடு கூத்துப் பயிற்சியும் அளித்தது.

இன்றைய நிலை

2020 மார்ச் மாதப் பொது முடக்கம், பங்குனி, சித்திரை விழாக்கள் நடைபெறும் காலத்தில் வந்தது. விழாக்கள் நின்றதும் குழுக்கள் அந்தப் பருவத்தின் வருவாயை இழந்தன. பொருளை வீணாக்காத கலைக்கு, ஒரு பருவத்தைத் தாங்கும் சேமிப்பு இருக்கவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

களரியில் இன்று செயற்கை இழைத் துணிகள், பிளாஸ்டிக் மணிகள், ஃபிளெக்ஸ் பதாகைகள் ஆகியவற்றைக் காணலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மறுபுறம் எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் களத்தை ஒளியூட்டுகின்றன. நச்சற்ற வண்ணங்கள் அரிதாரத்தின் இடத்தைப் பெற முடியும். எனவே பழையதை அப்படியே காப்பது மட்டும் தீர்வாகாது.

கல்யாண முருங்கையில் அணி செதுக்குவோர், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள், மைக் இல்லாமல் களம் முழுவதும் கேட்கப் பாடுவோர் ஆகியோரின் திறன்களே கூத்தின் குறைந்த பொருட்செலவுக்கு அடிப்படை. இத்திறன்கள் கற்பிக்கப்படுவதும், அவற்றைக் கொண்டு கலைஞர்கள் வாழ முடிவதுமே செஞ்சி வட்டாரக் கூத்தின் நீடிப்பைத் தீர்மானிக்கும்.