கொடியும் வீரனும்

ஆகஸ்டு 15 என்றதும் 1947-ஆம் ஆண்டே நம் நினைவுக்கு வருகிறது. அதற்குச் சரியாகப் பதினோராண்டுகளுக்கு முன், 1936-ஆம் ஆண்டில் அதே தேதியன்று, பெர்லின் நகரத்தில் விளையாட்டு வீரர்கள் உடை மாற்றும் அறையொன்றில் நிகழ்ந்த சம்பவத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பதினோராவது ஒலிம்பிக் பந்தயங்கள் அங்கே நடந்துகொண்டிருந்தன. ஹாக்கி இறுதி ஆட்டம் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. மழையினால் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. எதிர்த்து ஆட வேண்டியவர்களோ ஜெர்மானியர். ஜூலை மாதம் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்திய கோஷ்டியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தவர்கள். அந்தத் தோல்வி நம்மவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆட்டத்திற்குப் புறப்படும் வேளையில், கோஷ்டியின் நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா, தம்முடன் கொண்டுவந்திருந்த ஒரு துணியை எடுத்து விரித்தார். அது காங்கிரஸ் மகாசபையின் மூவர்ணக் கொடி. நடுவில் ராட்டை பொறித்தது. வீரர்கள் அதனைப் பக்தியுடன் வணங்கினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், பின்பு மைதானத்திற்குச் சென்றார்கள். கோஷ்டித் தலைவர் தியான் சந்த் 1952-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் இதனை இரண்டொரு வரிகளில் சொல்லி மேலே சென்றுவிடுகிறார். இடைவேளை வரையில் ஒரே ஒரு கோல். ஆட்டம் முடிந்தபோது இந்தியா எட்டு, ஜெர்மனி ஒன்று.

அந்த வணக்கத்தின் தன்மையைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். தியான் சந்த் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேவை செய்த சிப்பாய். சக்கரவர்த்தியின் உப்பைத் தின்றவர் என்று அக்காலத்தார் சொல்வார்கள். தொடக்க விழா ஊர்வலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியைத் தாங்கிச் சென்றவரும் அவரே. அக்கோஷ்டியில் இந்துக்கள் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர், சீக்கியர் இருந்தனர், ஆலன், டாப்ஸெல் முதலான ஆங்கிலோ-இந்தியர்களும் இருந்தனர். இவர்கள் அனைவரும், ஊரறியப் பிடித்த ஒரு கொடிக்காக ஆடிக்கொண்டே, மூடிய அறைக்குள் மற்றொரு கொடியை வணங்கினார்கள். அதே மூவர்ணக் கொடியைக் கையில் ஏந்தி ஊர்வலம் போனதற்காக, நான்கு ஆண்டுகளுக்கு முன், 1932 ஜனவரியில், திருப்பூர்க் குமரன் போலீசாரின் தடியடிக்கு ஆளாகி உயிர் நீத்தார் என்பதைத் தமிழ் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே அது பிரிட்டிஷாரின் கண்ணுக்குத் துரோகமாகவும் நம் கண்ணுக்குத் தேசபக்தியாகவும் விளங்கிய செயல். திலகரையும் காந்தியடிகளையும் சிறைக்கு அனுப்பிய சட்டப் பிரிவுக்கு நம் முன்னோர் ராஜத்துரோகம் என்று பெயரிட்டிருந்தார்கள். பொருத்தமான பெயர்தான். ராஜாவுக்குச் செய்யும் துரோகம் என்றே அது சொல்கிறது; தேசத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆள்பவர் வேறு, நாடு வேறு என்ற பேதத்தை ஆட்சியாளர் மறக்கும்போதெல்லாம் நாட்டை நேசிப்பவனே நாட்டின் பகைவனாகக் காட்சியளிக்கிறான். நம்மவர் செய்தது அறைக்குள் நிகழ்ந்ததால் அப்போது யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. எல்லோருக்கும் அந்த அதிருஷ்டம் வாய்ப்பதில்லை.

அதே பெர்லினில், ஆகஸ்டு 9-ஆம் தேதி, மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் ஸோன் கீ-சுங் என்ற கொரிய இளைஞர். கொரியா அப்போது ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தது. அவர் ஜப்பானிய வீரராகவே ஓட வேண்டியிருந்தது. பெயரையும் ஜப்பானிய உச்சரிப்பில் கிடெய் ஸோன் என்றே பதிந்தார்கள். மார்பில் உதயசூரியன் சின்னம். பரிசு மேடையில் ஜப்பானிய கீதம் ஒலித்தபோது அவர் தலை குனிந்து நின்றார். வெற்றியாளருக்கு அளித்த ஓக் மரக் கன்றினால் மார்பிலிருந்த சின்னத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தவரும் கொரியரே. தோழருக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தைக் கண்டு தாம் பொறாமைப்படவில்லை, சின்னத்தை மறைக்க உதவிய அந்தக் கன்றைக் கண்டே பொறாமைப்பட்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார் என்பார்கள்.

பரிசு மேடையில் ஸோன் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியது ஒரு பத்திரிகை. ஸியோல் நகரத்து டோங்-ஆ இல்போ நாளிதழ் ஆகஸ்டு 25-ஆம் தேதி அவருடைய படத்தை வெளியிட்டபோது, மார்பிலிருந்த ஜப்பானியச் சின்னத்தை அழித்துவிட்டே வெளியிட்டது. அதற்காகப் பத்திரிகையாளர்கள் கைதானார்கள். பத்திரிகை ஏறத்தாழ ஒன்பது மாதம் மூடிக் கிடந்தது. ஒரு கட்டுரை இல்லை, ஒரு கோஷம் இல்லை. ஒரு படத்தில் விரலளவு இடம் வெறுமையானதற்கு இத்தனை தண்டனை! 1988-இல் ஸியோலிலேயே ஒலிம்பிக் நடந்தபோது, எழுபத்தாறு வயதான ஸோன் ஒலிம்பிக் சுடரைக் கையில் ஏந்தி, சிறு பிள்ளைபோல் குதித்துக்கொண்டு மைதானத்திற்குள் ஓடிவந்தார். ஆயினும் ஒலிம்பிக் ஏட்டில் 1936-இன் அப்பதக்கம் ஜப்பானின் கணக்கிலேயே இருக்கிறது.

அடிமை நாட்டு வீரர்களின் நிலை இது என்றால், சுதந்திர நாட்டுப் பிரஜைக்கு இத்தகைய சங்கடம் இராது என்று நாம் நினைக்கக்கூடும். அந்த எண்ணத்தை 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரத்துப் பந்தயங்கள் கலைத்துவிடுகின்றன.

அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அக்டோபர் 16-ஆம் தேதி இருநூறு மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித் 19.83 விநாடிகளில் ஓடி உலக சாதனை நிறுவினார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் இரண்டாவது. மற்றோர் அமெரிக்கக் கறுப்பின வீரரான ஜான் கார்லோஸ் மூன்றாவது. அமெரிக்கர் இருவரும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினார்கள். தம் இனத்தாரின் வறுமைக்கு அது அடையாளம். தேசிய கீதம் ஒலித்ததும் தலையைத் தாழ்த்தி, கறுப்புக் கையுறை அணிந்த ஒரு கையை முஷ்டியாக மடக்கி வானை நோக்கி உயர்த்தினார்கள். கார்லோஸ் தம் கையுறைகளை விட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்மித்தின் ஜோடியையே ஆளுக்கொன்றாக அணியலாம் என்று யோசனை சொன்னவர் நார்மன். மனித உரிமைகளுக்கான சின்னமொன்றைத் தம் சட்டையிலும் குத்திக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் அசையாமல் நின்றார்.

இரண்டு நாட்களுக்குள் ஸ்மித்தும் கார்லோஸும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கப்பட்டு, வீரர்கள் தங்கும் குடியிருப்பை விட்டும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன என்று சிலர் எழுதுவது சரியன்று. பதக்கம் கையில் இருந்தது, பிழைப்புத்தான் போயிற்று. ஊர் திரும்பிய அவர்களைக் கொலை மிரட்டல்கள் எதிர்கொண்டன.

இந்த இடத்தில் சரித்திரம் ஒரு வேடிக்கை செய்கிறது. தண்டனையை வற்புறுத்திய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ், 1936-இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தவர். பெர்லின் பந்தயங்களைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்ற கூக்குரலை முன்னின்று எதிர்த்தவர். அங்கே ஜெர்மானிய வீரர்கள் பரிசு மேடையில் கையை நீட்டி ஹிட்லர் வணக்கம் செய்தபோது, அது ஒரு நாட்டின் வணக்க முறை என்று ஏற்கப்பட்டது. ஆட்சிக்கு ஆதரவாக நீண்ட கை அரசியலாகவில்லை. நீதி கேட்டு உயர்ந்த கை அரசியலாயிற்று.

பேச்சுச் சுதந்திரத்தைத் தம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே பொறித்துவைத்த நாட்டில் இவர்களுக்கு அது ஏன் துணை நிற்கவில்லை? விடை எளிது, ஆனால் பலரும் கவனியாதது. அந்தத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தண்டித்ததோ அரசாங்கமன்று, விளையாட்டுச் சங்கம். சங்கத்தில் சேருகிறவன் அதன் விதிகளை ஒப்புக்கொண்டே சேருகிறான். ஒருவனுடைய நாவைக் கட்டும் கயிறு எப்போதும் சட்டப் புத்தகத்தில் இருப்பதில்லை; அனுமதிப் படிவத்திலும் வேலை உத்தரவிலும் இருக்கலாம்.

சங்கங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. பரிசு மேடை எல்லோருக்கும் பொதுவான இடம். நமக்கு உகந்த கொள்கைக்கு அங்கே இடம் கொடுத்தால், நமக்கு அருவருப்பான கொள்கைக்கும் நாளை இடம் கொடுக்க நேரும். ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆவது விதி இந்த அச்சத்தை ஒட்டியே அரசியல் ஆர்ப்பாட்டத்தைத் தடை செய்கிறது. 2021-இல் அது சிறிது தளர்ந்தது: போட்டி தொடங்குமுன் மைதானத்தில் வீரர் தம் கருத்தைக் காட்டலாம், பரிசு மேடையில் மட்டும் கூடாது என்றார்கள். இதுவரையில் சரி. ஆனால் அரசியலும் விளையாட்டும் கலக்கக் கூடாது என்ற விதி தனி மனிதன் மேல் பாய்வதுபோல் அரசுகளின் மேல் பாய்ந்ததில்லையே! 1980-இல் அமெரிக்கா முதலிய நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1984-இல் ருஷ்யாவும் அதன் தோழர்களும் லாஸ் ஏஞ்ஜல்ஸுக்குப் போகவில்லை. நாமும் விலக்கல்ல. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. எதிரணி தென் ஆப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியைக் கண்டிக்கும் பொருட்டு நம் நாடு ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போயிற்று. அந்த முடிவு நேர்மையானது என்பதே நம் கருத்து. எனினும் ஒரு கோப்பையையே துறக்கும் அளவுக்கு அரசியல் பேச ஒரு நாட்டுக்கு உரிமையுண்டு என்றால், கீதம் ஒலிக்கும் இரண்டு நிமிடம் தலை குனிந்து நிற்க ஒரு வீரனுக்கு உரிமை இல்லை என்று சொல்வது எப்படி?

நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுச் சுதந்திரத்தை வழங்கி, உடனேயே அதற்கு வரம்புகளையும் கூறுகிறது: நாட்டின் இறைமையும் ஒருமைப்பாடும், ராஜ்யத்தின் பாதுகாப்பு, அந்நிய நாடுகளுடன் நட்பு, பொது அமைதி, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். இவற்றின் பேரில் விதிக்கும் கட்டுப்பாடும் நியாயமானதாக இருத்தல் வேண்டும். பார்ப்பவர் மனம் புண்படும் என்பது அந்த ஜாபிதாவில் இல்லை.

இதனை மைதானத்தில் அல்ல, ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து நம் உச்ச நீதிமன்றம் ஆராய நேர்ந்தது. கேரளத்தில் மூன்று குழந்தைகள், காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள்; தங்கள் மத நம்பிக்கையை முன்னிட்டு வாய் திறந்து பாடமாட்டார்கள். 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், எழுந்து நிற்பவன் கீதத்தை அவமதிக்கவில்லை, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்து அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தது. மௌனத்திற்கும் அவமதிப்புக்கும் உள்ள வேற்றுமையை அத்தீர்ப்பு வரையறுத்தது. இந்த அளவுகோலை மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், அந்த இருவரும் கீதத்தின்போது எழுந்தே நின்றார்கள், குரல் எழுப்பவில்லை, யாரையும் தடுக்கவில்லை.

பீட்டர் நார்மன் 1972 ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. காரணத்தைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. 2006-இல் அவர் காலமானபோது ஸ்மித்தும் கார்லோஸும் கடல் கடந்து சென்று சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை 2012-இல் அவர் பெயருக்கு மன்னிப்புக் கோரியது. அமெரிக்கர் இருவருக்கும் அவர்கள் படித்த ஸான் ஹோஸே சர்வகலாசாலையில் 2005-இல் சிலை எழுந்தது. அதில் இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. நார்மனே அப்படி விடச் சொன்னாராம், பார்க்க வருகிறவர் அங்கே ஏறி நிற்கட்டும் என்று.

பெர்லினில் விரித்த கொடி, ராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் தாங்கி, 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபையில் தேசக் கொடியாயிற்று. 1948 ஆகஸ்டு 12-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் பிரிட்டனையே நான்கு கோல் கணக்கில் வென்றபோது, அக்கொடி எல்லோர் கண்ணெதிரிலும் கம்பத்தில் ஏறியது. 1936 இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்காக இரண்டு கோல் போட்ட தாரா அதே லண்டன் பந்தயங்களுக்கு வந்திருந்தார், பாகிஸ்தான் ஹாக்கி அணியின் தலைவராக, வேறொரு கொடியின் கீழ்.